அறுபதுக்கு மேல் பாகற்காய்

உணவும் உடலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாகற்காய், வெண்டைக்காய், பீட்ரூட் மூன்றையும் சின்ன வயதிலிருந்தே தொட்டதில்லை. வயது 62. சர்க்கரை வந்த பிறகு காய்கறியைக் கூட்டச் சொல்கிறார் டாக்டர். இனிமேல் நாக்கு பழகுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பழகும். ஆனால் மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எதனால் பிடிக்கவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாகற்காயில் கசப்பு, வெண்டையில் கொழகொழப்பு, பீட்ரூட்டில் மண்வாடை. மூன்றுக்கும் பக்குவம் வேறு வேறு.

பீட்ரூட் சுலபம், அதில் தொடங்குங்கள். தட்டுவடை செட் சாப்பிடுவீர்கள்தானே? சேலத்தில் இருந்துகொண்டு இல்லையென்றால் நம்புவது கஷ்டம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைக்கிற துருவலில் கேரட்டோடு பீட்ரூட்டும் சேர்ந்துதான் வருகிறது. அப்படியானால் உங்களுக்கு ஒத்துவராதது குக்கரில் குழைந்த பீட்ரூட் பொரியல் மட்டுமே. மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். புளிப்பு சேர்ந்தால் அதன் வாடை குறையும். தோலைச் சற்றுக் கனமாகச் சீவிவிட்டு 50 கிராம் துருவி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி கலந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். தட்டுவடை இல்லாமலே இறங்கும். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படி வரும்.

வெண்டையின் கொழகொழப்பு தண்ணீர் பட்டால்தான் ஊறிப் பெருகும். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவுவதும், மூடி போட்டு வேகவைப்பதும்தான் காரியத்தைக் கெடுப்பவை. மூடினால் ஆவி தண்ணீராகி மறுபடி அதிலேயே விழும். அகலமான இரும்புச் சட்டியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, 200 கிராம் காயைத் திறந்தபடியே வதக்குங்கள். பாதி வதங்கியதும் ஒரு டேபிள்ஸ்பூன் புளித்த மோர். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விடும்.

பாகற்காய்க்குத்தான் பொறுமை வேண்டும். 100 கிராம் காயின் முள் மேட்டை லேசாகச் சீவி, விதையையும் உள்சதையையும் எடுத்துவிட்டு, மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் பிசறி 20 நிமிடம் வையுங்கள். விடுகிற நீரைப் பிழிந்து கொட்டி, ஒரு முறை அலசுங்கள். கசப்பில் ஒரு பங்கு அந்த நீரோடு போகும். நாக்கில் எஞ்சும் கசப்பையும் உப்பு அடக்கும், அதனால் மறுபடி உப்பு போடும்முன் ருசி பாருங்கள். பத்துச் சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கினால் அதன் இனிப்பே போதும், வெல்லம் தேவையில்லை. காயைச் சேர்த்து வதக்கி, சிறு நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல் விட்டுச் சுண்டவைத்து, வறுத்துப் பொடித்த எள் ஒரு டேபிள்ஸ்பூன் தூவுங்கள். எண்ணெய்ச் சத்து நாக்கில் படிந்து கசப்பை மழுக்கும். அரிசி மாவில் புரட்டிப் பொரித்த பாகற்காய் சிப்ஸ் ருசிதான், ஆனால் டாக்டர் கேட்டது அதுவல்ல.

அளவு: முதலில் இரண்டு டேபிள்ஸ்பூன் மட்டும், வாரம் இரண்டு நாள், மதியச் சாப்பாட்டில், நல்ல பசியோடு முதல் சில கவளங்களில். வயிறு நிறைந்த பிறகு கடமைக்கு விழுங்கினால் வெறுப்புதான் வளரும். குழந்தைகளுக்கே ஒரு புது ருசி பழக 8 முதல் 15 முறை வரை ஆகலாம் என்கிறார்கள். நீங்கள் பத்து முறையாவது பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், பொரியலாகச் சாப்பிடுவதில் தடையில்லை. தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு என்றால் டாக்டரிடம் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம், சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும்.

ஒரு காயைச் சாப்பிட்டு எப்போதோ வாந்தி எடுத்து, அதிலிருந்து அது ஆகாமல் போயிருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வகை வெறுப்பு லேசில் போகாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்கிறார்கள். பாகற்காய்க்கென்று தனிக் கணக்கு கிடையாது. புடலையும் பீர்க்கனும் சௌசௌவும் அந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, பல் செட் கட்டியிருக்கிறார். கீரை பல்லில் மாட்டுகிறது, களி தொண்டையில் நிற்கிறது என்று இரண்டையும் தள்ளிவிடுகிறார். எலும்பு தேய்மானம் வேறு.
– வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா சொல்வது சரியான காரணம்தான், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முற்றிய முருங்கை இலை எவ்வளவு வெந்தாலும் நார் நாராகவே நிற்கும். காம்பு நீக்கிய அரைக்கீரையோ சிறுகீரையோ ஒரு கட்டு எடுத்து, பொடியாக நறுக்கி, வெந்த பாசிப்பருப்பு ஒரு கைப்பிடியோடு கொஞ்சம் தண்ணீரில் ஆறேழு நிமிடம் வேகவைத்து, மத்தால் மசியக் கடையுங்கள். முருங்கைதான் வேண்டுமென்றால் அடை மாவோடு சேர்த்து அரைத்துவிடுங்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, விட மனசு வராது. களிக்குப் பதில் கஞ்சி. இரண்டு டேபிள்ஸ்பூன் மாவை அரை கப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் ஒன்றரை கப் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் எட்டு நிமிடம் கிளறுங்கள். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டி விழும். அவசரமாக இறக்கினால் பச்சை வாடை அடிக்கும், பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார். ஆறியதும் மோர், நறுக்கிய சின்ன வெங்காயம். தைராய்டு மாத்திரை போடுபவரானால் மாத்திரைக்கும் கஞ்சிக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர் கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும்.

கேள்வி: கணவருக்கு 64 வயது, சைவம், பருப்பு வகையே பிடிக்காது. கொள்ளு ரசம் மட்டும் குடிப்பார். புரதம் போதுமா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: போதாது. ரசத்துக்கு இறங்குவது வாசனையும் கொஞ்சம் சத்தும்தான். புரதம் நீங்கள் வடிகட்டி ஒதுக்குகிற கொள்ளில் இருக்கிறது. 30 கிராம் கொள்ளில் ஆறேழு கிராம் புரதம் தேறும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு (வாயுத் தொல்லை குறையும்), குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான், முன்னால் போட்டால் கொள்ளு வேகாது. வறுத்த மல்லி, சீரகம், பூண்டு, மிளகாய் வைத்துக் கொள்ளுப் பருப்பாகக் கடைந்து கொடுங்கள். ரசத்தின் அதே வாசனை என்பதால் ஏமாற்றும் வேலையே இல்லை. தயிர், பாலும் கணக்கில் சேரும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

கேள்வி: முன்பு ருசித்துச் சாப்பிட்ட எதுவும் இரண்டு மாதமாகப் பிடிக்கவில்லை. வாயில் இரும்பு மாதிரி ஒரு சுவை.
– வாசகர், ஓமலூர்

பதில்: இது பழக்கிச் சரிசெய்கிற விஷயம் இல்லை. புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா என்று பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈறு வீக்கம், வாய் வறட்சி, நாக்கில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் காட்டுங்கள். எடையும் குறைந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வீட்டுக் கொடியில் காய்த்த சுரைக்காய் கசக்கிறது. பாகற்காய் மாதிரி உப்பு பிசறி வைத்தால் சரியாகுமா?
– வாசகி, தாதகாப்பட்டி

பதில்: ஆகாது, தூக்கிப் போடுங்கள். பாகற்காயின் கசப்பு இயல்பானது. சுரைக்காயில் கசப்பு வந்தால் அது குக்குர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது. சாறாகக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. சமைக்கும்முன் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பி, வாயைக் கொப்பளியுங்கள். தெரியாமல் சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி, பேதி ஏதாவது வந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சுரைக்காய் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.