மேனேஜர் ‘ரன்’ என்றால் எதை ஓட்டுவது?

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்தவன். கோவையில் ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் மேனேஜர் ஒரு ஸ்கிரிப்டை (கம்ப்யூட்டருக்கான சின்ன புரோகிராம்) அனுப்பி, ‘பிளீஸ் ரன் திஸ் பை தி டீம் லீட் பிஃபோர் யூ ரன் இட்’ என்று எழுதியிருந்தார். டீம் லீடை விட்டு முதலில் ஓட்டச் சொல்கிறார் என்று நினைத்து, ‘நீங்களே ஓட்டிவிடுங்கள் அக்கா’ என்று அவருக்கு அனுப்பிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். அகராதியைத் திறந்தால் ‘ரன்’ பக்கம் பக்கமாகப் போகிறது. இத்தனை அர்த்தத்தையும் எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 1989 பதிப்பு வரை, அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற பெருமை ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது, அதற்கு 430. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டாலும் 645-ஐயும் சொல்ல மாட்டார், ஆனால் எதிரில் வந்தால் புரிந்துகொள்வார். நமக்கும் அவ்வளவு போதும்.

உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பதுதான் வேடிக்கை. தமிழில் ‘ஓடு’ என்ன செய்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். பையன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, ஏதோ பிழைப்பு ஓடுகிறது, தலையில் ஒன்றுமே ஓடவில்லை. இதில் கால் இருப்பது பையனுக்கு மட்டும்தான். ஆனாலும் எந்த வாத்தியாரும் இதையெல்லாம் எண் போட்டுச் சொல்லித்தரவில்லை, நாமும் குழம்பவில்லை. ‘ரன்’னும் இப்படித்தான் வளர்ந்தது. ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லான ‘ரினன்’ நீர் வழிவதைக் குறிக்கிறது. மூக்கு ஒழுகினாலும், குழாயில் தண்ணீர் போனாலும், துணியில் சாயம் கரைந்து பரவினாலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வருவதை அதோடு சேர்த்துப் பாருங்கள். பின்னால் ரயிலும் ஆலையும் வந்தபோது அவையும் ‘ரன்’ ஆயின, கம்ப்யூட்டர் வந்தபோது உங்கள் ஸ்கிரிப்டும்.

சிக்கல், இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான். கடையை நாம் நடத்துகிறோம், அதாவது நம் ஊரில் கடை நடக்கிறது. ஆங்கிலத்தில் அதே கடை ஓடுகிறது, ‘ஷி ரன்ஸ் எ ஷாப்’. நமக்குக் காய்ச்சல் அடிக்கும், அவர்களுக்கு ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. தேர்தலில் நாம் நிற்கிறோம், பிரிட்டிஷ்காரரும் ‘ஸ்டாண்ட்’ என்று நிற்கத்தான் செய்கிறார், அமெரிக்கர் மட்டும் ‘ரன்’ என்று ஓடுகிறார். (நம் வேட்பாளர்கள் நிற்பதோடு ஓடவும் செய்கிறார்கள் என்பது தனிக் கதை.) செய்தியில் ‘ரன் ஆன் தி பேங்க்’ என்று வந்தால் யாரோ வங்கி நடத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது அது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்கில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்களே, அதுதான் இந்த ‘ரன்’.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். அந்த ஒரே வரியில் இரண்டு ‘ரன்’, இரண்டும் வேறு. கடைசியில் வருகிற ‘ரன் இட்’ நீங்கள் நினைத்த மாதிரியே ஸ்கிரிப்டை இயக்குவது. முதலில் வருவதுதான் காலை வாரியது. ‘பை’ என்றதும் பள்ளியில் படித்த செயப்பாட்டு வினை ஞாபகத்துக்கு வந்து, ‘அவரால்’ என்று எடுத்துக்கொண்டீர்கள். தமிழ் மீடியமோ இங்கிலீஷ் மீடியமோ, நம் ஊரில் ‘பை’யை அந்த ஒரு பாடத்தோடுதான் பழக்குகிறார்கள், அதனால் இது உங்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே ‘பை’ என்றால் பக்கமாக, அருகாக. ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் கண் முன்னால் ஒரு நடை போய் வருகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ‘இதை அவரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்’ என்பதுதான் விஷயம். சிலர் ‘ரன் இட் பாஸ்ட் ஹெர்’ என்று எழுதுவார்கள், அதுவும் இதேதான். ஆனால் மீட்டிங்கில் யாராவது ‘ரன் தட் பை மீ அகெய்ன்’ என்றால், சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார், சரியாகப் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

ஆகவே ‘ரன்’ வந்தால் உடனே அர்த்தம் தேடாதீர்கள், அதற்கு அடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டிச் சொல்லைப் பாருங்கள். ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது, ‘ரன் த்ரூ’ என்றால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை வேகமாகப் பார்ப்பது. குட்டிச் சொல்லும் சில நேரம் ஏமாற்றும். ‘ரன் ஓவர்’ மீட்டிங்குக்கு வந்தால் நேரம் தாண்டிப்போனது, லாரிக்கு வந்தால் யார் மேலோ ஏறிவிட்டது. ‘ஐ ரேன் இன்டு எ ஃபிரண்ட்’ என்றால் நண்பரை எதிர்பாராமல் பார்த்தேன், அதுவே சுவர் என்றால் மோதிக்கொண்டேன். அப்போது எது ஓடுகிறது, எதன் மேல் ஓடுகிறது என்று கேட்டாலே பெரும்பாலும் விளங்கிவிடும்.

அகராதி பார்க்கும்போதும் முதல் அர்த்தத்திலிருந்து வரிசையாக இறங்க வேண்டாம். கற்பவர்களுக்கான அகராதிகளில் இந்தக் கூட்டு வினைகளைக் கடைசியில் தனியாகப் போட்டிருப்பார்கள், நேராக அங்கே போய் உங்கள் குட்டிச் சொல்லைத் தேடுங்கள். கிடைத்த வாக்கியத்தை மெயிலில் வந்தபடியே முழுசாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தனிச் சொல்லாக எழுதினால் ஒட்டாது.

அந்த அக்கா சிரித்ததற்கு வருத்தப்பட வேண்டாம். அடுத்த முறை ஏதாவது சந்தேகம் வந்தால் அவருக்கே, ‘கேன் ஐ ரன் சம்திங் பை யூ?’ என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.