பத்து சேனல் என்றால் பத்து மைக் இல்லை

கேள்வி: வீட்டில் ஓர் அறையைப் பாட்டு ரெக்கார்டிங்குக்கு ஒதுக்கியிருக்கிறேன். நான் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன், தம்பி கீபோர்டு. குறைந்த விலையில் அனலாக் மிக்ஸர் வாங்க ஆசை. 8 சேனல் போதுமா, 12 வேண்டுமா?

பதில்: சேனல், அதாவது ஒலி உள்ளே வரும் வழி. அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ ‘10 சேனல்’ மிக்ஸர்தான். ஆனால் மைக் செருக முடிவது நான்கே இடத்தில். மீதி ஆறு என்பது மூன்று ஸ்டீரியோ ஜோடி. உங்களுக்குக் குரலுக்கு ஒரு மைக், கிட்டாருக்கு ஒரு லைன், கீபோர்டுக்கு ஒரு ஜோடி. அவ்வளவுதானே? சின்ன மிக்ஸரே தாராளம்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது: கம்ப்யூட்டருக்கு எத்தனை ட்ராக் (தனி ஒலிப்பதிவு) தனித்தனியாகப் போகும்? யூஎஸ்பி உள்ள மலிவு மிக்ஸர்களில் பெரும்பாலானவை இரண்டுதான் அனுப்பும், இடது ஒன்று, வலது ஒன்று. மூன்றும் கலந்துதான் பதிவாகும். மறுநாள் கேட்டுவிட்டு “குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றலாமே” என்று நினைத்தால், பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற வேலைதான். எல்லாம் தனித்தனியாக வேண்டுமென்றால் ‘மல்டிட்ராக்’ என்று தெளிவாகச் சொல்லும் மாடலைப் பாருங்கள். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 ட்ராக் அனுப்பும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இரண்டு ட்ராக் மிக்ஸரை வைத்தே சமாளிக்க ஒரு வழி உண்டு. குரல் சேனலின் பேன் குமிழை (ஒலியை இடதுக்கோ வலதுக்கோ அனுப்புவது) முழுக்க இடது பக்கம் திருப்புங்கள், கிட்டாரை முழுக்க வலது பக்கம். கம்ப்யூட்டரில் இரண்டு மோனோ ட்ராக்காகப் பதியுங்கள். குரலும் கிட்டாரும் பிரிந்துவிடும். தம்பியின் கீபோர்டை அடுத்த சுற்றில் வாசிக்க விடுங்கள்.

அந்த அடுத்த சுற்றில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் பதிந்தது கம்ப்யூட்டரிலிருந்து மிக்ஸருக்குத் திரும்பி வரும். எல்லாம் கலந்து வெளியே போகும் மெயின் மிக்ஸில் அது சேர்ந்தால் மறுபடி யூஎஸ்பி வழியாகவே கிளம்பிப் போய், கீபோர்டு ட்ராக்கில் பழைய பாட்டும் ஏறி உட்கார்ந்துவிடும். யூஎஸ்பியில் வருவதை ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பும் சுவிட்சோ குமிழோ இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே மேனுவலில் பாருங்கள். என்னைக் கேட்டால் இது இல்லாத மிக்ஸர் ரெக்கார்டிங்குக்கு வேண்டாம்.

24 எஃபெக்ட், 100 எஃபெக்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு மயங்காதீர்கள். ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) பதிவோடு சேர்த்துவிட்டால் பிறகு கழற்ற முடியாது. அதை மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பணம் நல்ல பிரீஆம்ப்புக்கு, அதாவது மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பகுதிக்குப் போகட்டும். சோதிப்பதும் சுலபம்: டைனமிக் மைக்கைச் செருகி, யாரும் பேசாமல், அதைப் பெருக்கும் கெயின் குமிழை முக்கால் பாகம் தாண்டித் திருப்பி ஹெட்ஃபோனில் கேளுங்கள். ‘உஸ்ஸ்’ இரைச்சல் திடீரென்று எகிறினால், மெல்லப் பாடும் குரலுக்கு அது உதவாது. கண்டென்ஸர் மைக் என்றால் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மிக்ஸரே கேபிள் வழியாக மைக்குக்குத் தரும் மின்சாரம்) கட்டாயம். அதைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஃபேடரையும் (சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளுவது) ஹெட்ஃபோன் சத்தத்தையும் இறக்கிவிடுங்கள், ‘டப்’பென்று அடிக்கும்.

கேள்வி: நான் தனியாகத்தான் பாடிப் பதிகிறேன். எனக்கும் மிக்ஸர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி அது. மிக்ஸரில்தான் தாமதமில்லாமல் நம் குரலையே கேட்க முடியும் என்பார்கள். டைரக்ட் மானிட்டர் (ஒலியைக் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்புவது) உள்ள இன்டர்ஃபேஸிலும் அப்படித்தான் கேட்கும். கையால் ஃபேடரைத் தள்ளுகிற சுகத்துக்காக வாங்குவதென்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

கேள்வி: பழைய மிக்ஸர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஒவ்வொரு குமிழையும் ஃபேடரையும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மெதுவாக அசையுங்கள். லேசான கரகரப்பு தூசியாக இருக்கலாம், கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். ஒரு பக்கம் சத்தமே அற்றுப்போனால் விட்டுவிடுங்கள். மைக் சாக்கெட்டில் கேபிளைச் செருகி மெல்ல ஆட்டிப் பாருங்கள். கூடவே அதற்குரிய அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். சில மிக்ஸர்களுக்கு ஏசி மின்சாரத்தையே வெளியே தரும் அடாப்டர், தனி வகை முள். வீட்டில் கிடக்கிற டிசி அடாப்டர் சேராது.