ஸ்பீட் டெஸ்டில் வேகம் இருக்கிறது, ஆனால் வட்ஸ்அப் கோல் வெட்டி வெட்டி வருகிறது. எதை அளந்து பார்ப்பது?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் 4ஜி றவுட்டர் பாவிக்கிறார். ஸ்பீட் டெஸ்ட் 20 எம்பிபிஎஸ் காட்டுகிறதாம், கோலில் மட்டும் குரல் வெட்டுப்படுகிறதாம்.

பரந்தனில் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. டொரண்டோவில் இருக்கும் அண்ணாவோடு அம்மா கதைக்கும்போது பாதிச் சொல் காணாமல் போய்விடும். வேகத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கெட் (இணையத்தில் தரவு போகும் சிறு துண்டு) போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது, நூறு அனுப்பினால் எத்தனை திரும்பவே இல்லை என்று பாருங்கள். ஸ்பீட் டெஸ்டில் இழப்பு பெரும்பாலும் தெரியாது. வழியில் தொலைந்ததை அதன் டிசிபி என்ற அனுப்பும் முறை மறுபடி அனுப்பி இட்டு நிரப்பிவிடும். குரல் பெரும்பாலும், தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத யூடிபி முறையில் போகிறது. தொலைந்த துண்டு பிந்தி வந்தாலும் அதற்குள் அந்தச் சொல் கடந்து போயிருக்கும்.

பக்கெட் அனுப்பி அது திரும்பும் நேரத்தை அளக்க 1983 இல் மைக் மூஸ் எழுதிய பிங் என்ற சிறு நிரல் இன்றைக்கும் இதற்குப் போதும். ஆனால் விண்டோஸில் அது நாலு பக்கெட்டோடு நின்றுவிடும், அதை நம்பவேண்டாம். நூற்றுக்கு ஒன்று தொலையும் இணைப்பில், நாலு அனுப்பினால் நாலும் பத்திரமாகத் திரும்புவதற்கான வாய்ப்பு 96 வீதம். கணினியின் கமாண்ட் ஜன்னலில் "பிங் -என் 300 8.8.8.8" என்று (என் என்பது ஆங்கில எழுத்து, 8.8.8.8 கூகிளின் சேவர்) குறைந்தது 300 அனுப்புங்கள், ஐந்து நிமிடம்தான். அதே நேரம் இன்னொரு கமாண்ட் ஜன்னலில் உங்கள் றவுட்டரின் முகவரிக்கும் அனுப்புங்கள், பலதில் அது 192.168.1.1. றவுட்டர் வரையிலேயே தொலைகிறதென்றால் குறை வீட்டு வைஃபையில். டவரைத் திட்டிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் றவுட்டர் வரை ஒன்றும் தொலையவில்லை. வெளியே, விடிய 6 மணிக்கு 50 மில்லிவிநாடி, இழப்பு இல்லை. இரவு 9 மணிக்கு 400 ஐத் தாண்டியது, நூற்றுக்கு நாலு தொலைந்தது.

இதை விளங்கிக்கொள்ள மாரியில் குளத்தைப் பார்த்தால் போதும். துருசு விடுவதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வந்தால் முதலில் மட்டம் ஏறும், நிரம்பிய பிறகுதான் வான் பாயும். டவரிலும் றவுட்டரிலும் பக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான பஃபர் அப்படித்தான். ஆட்கள் கூடக்கூட வரிசை நீண்டு தாமதம் ஏறும். இடம் முடிந்ததும் பக்கெட் கொட்டுப்படும். தாமதமும் இழப்பும் சேர்ந்து, அதுவும் இரவில், ஏறினால் நெரிசல். நேரகாலம் இல்லாமல் 60, 300, 80 என்று துள்ளினால் சிக்னலைச் சந்தேகியுங்கள். பகலில் எங்களுக்கு அந்தத் துள்ளலும் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே நடு அறையில் இருந்த றவுட்டரை டவர்ப் பக்க ஜன்னலில் வைத்ததும் அது நின்றது. இரவு நெரிசல் நிற்கவில்லை.

இன்னொரு சோதனை, இதைத் தவறவிடாதீர்கள். பிங் ஓடும்போதே ஒரு பெரிய வீடியோவை அப்லோட் பண்ணுங்கள். தாமதம் 50 இலிருந்து 500 க்குப் பாய்ந்தால் வரிசை உங்கள் சொந்த இணைப்பிலேயே உண்டாகிறது. கோல் நேரத்தில் போனின் ஃபோட்டோ பேக்கப்பை நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வழியிலுள்ள றவுட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டும் டிரேஸ்ரூட்டில் இடையில் ஒரு றவுட்டர் மட்டும் பதில் தராவிட்டால் பயப்படவேண்டாம். பல றவுட்டர்கள் இந்தப் பதிலுக்குக் கடைசி இடம்தான் கொடுக்கும். அந்த இழப்பு கடைசி வரை தொடர்ந்தால்தான் கணக்கு.

தூரத்தால் வரும் தாமதத்தை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. போகும். கொழும்பிலிருந்து டொரண்டோ நேராகவே சுமார் 14,000 கி.மீ., ஆக ஒருவழிக்கு 70, போய்வர 140 மில்லிவிநாடி கட்டாயம். கடலடிக் கேபிள் நேராகப் போவதுமில்லை. ஒருவழித் தாமதம் 150 க்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு. எங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், அதை டவர் வரிசையில் இழக்கக்கூடாது.

ஒரு கிழமைக்கு விடிய, மத்தியானம், இரவு என்று எழுதி வைத்து, அந்தத் தாளோடு இணைப்புத் தருபவரிடம் போங்கள். அம்மா இப்போது விடிய 6 மணிக்குத்தான் அண்ணாவை எடுக்கிறா.