நெல் விலை, களைநாசினி விலை

கேள்வி: ஐயா, உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் மகன், கேள்வியும் (வாங்குவோர் கேட்கும் அளவு) நிரம்பலும் (விற்க வரும் அளவு) சந்திக்கும் இடத்தில்தான் விலை என்கிறான். அறுவடை நேரம் நெல் விலை விழுகிறது, சரி. களைநாசினிக்கு வாங்க ஆளில்லாத மாதத்திலும் அதன் விலை ஏன் விழுவதில்லை?
– வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, மகன் சொல்வது பாதிக்குச் சரி. (பரீட்சையில் அதையே எழுதட்டும், புள்ளி அதற்குத்தான்.) போலந்துப் பொருளியலாளர் மிகைல் கலெட்ஸ்கி விலைகளை இரண்டாகப் பிரித்தார். விளைந்த நெல்லைச் சட்டென்று கூட்டவோ குறைக்கவோ முடியாது, அதன் விலை கேள்வியோடு ஆடும். ஆலைப் பொருளுக்கோ கொம்பனி செலவின் மேல் இலாபத்தை ஏற்றி விலை வைக்கும். விற்பனை குறைந்தால் உற்பத்தியைத்தான் குறைக்கும்.

அதோடு, யாரால் பொறுத்திருக்க முடியும் என்பதையும் பாருங்கள். மாசியில் இரணைமடுக் குளத்தின் கீழ் மெசின் வெட்டிக் கொட்டிய நெல்லைக் காயவிட றோட்டோரம்தான் இடம். அடைவு நகைக்கு வட்டி ஓடுகிறது. வரம்படியில் லொறி நிற்கிறது: "ஈரம் கூட அண்ணை, இந்த விலைதான்." பாடப்புத்தகத்தின் கேள்வி, நிரம்பல் என்ற இரண்டு கோடுகளில் இந்த அவசரம் எங்கே இருக்கிறது? அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபையின் உத்தரவாத விலைக்கு ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது. காயவிடக் களம் இல்லாதவர் லொறிக்காரரிடம்தான் போகவேண்டும்.