முக எலும்பு முறிவுக்கு வைக்கும் 'கரையும் பிளேட்' டைட்டானியம் அளவுக்கு உறுதியானதா?

இல்லை. ஆனால் பல இடங்களில் அவ்வளவு உறுதி தேவையும் இல்லை.

உடைந்த எலும்பை நகராமல் பிடித்துவைத்து, பிறகு உடலுக்குள்ளேயே சிதைந்து மறையும் பட்டையும் திருகுகளும்தான் கரையும் பிளேட். பெரும்பாலும் பாலிலாக்டிக் அமில வகைப் பிளாஸ்டிக்கில் செய்வார்கள். டைட்டானியம் இதைவிட ஏறக்குறைய 20 மடங்கு விறைப்பானது. இரும்பு ஸ்கேலையும் பிளாஸ்டிக் ஸ்கேலையும் வளைத்துப் பாருங்கள், புரியும். அதனால்தான் கரையும் பிளேட்டைத் தடிமனாகச் செய்கிறார்கள். திருகும் மென்மையானது, எலும்பில் முன்கூட்டியே மரை வெட்டாமல் முறுக்கினால் தலை முறிந்துவிடலாம்.

அப்புறம் எப்படித் தாங்குகிறது? கான்கிரீட் தளத்துக்கு அடிக்கும் சென்ட்ரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தளம் இறுகும்வரை முட்டு நின்றால் போதும். முக எலும்பு ஓரளவு ஒட்டிச் சேர 6 முதல் 8 வாரம் ஆகும்; அதுவரை பிளேட் பிடித்தால் சரி. உடலின் ஈரம் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை மெல்ல வெட்ட, பளு கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்கு மாறுகிறது. கன்ன எலும்பு, வளரும் குழந்தையின் மண்டையோடு போன்ற இடங்களுக்கு இது பொருந்தும். மெல்லும் விசை முழுதும் விழும் கீழ்த்தாடைக்குப் பலரும் டைட்டானியத்தையே நம்புகிறார்கள். என் கருத்தும் அதுதான்.

தடவினால் பிளேட் தட்டுப்படுகிறது என்பதால், பலர் நினைப்பதுபோல அது இன்னும் தாங்குகிறது என்று அர்த்தமில்லை: முதலில் போவது உறுதி, பொருள் முழுதாக மறைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.