பயிற்சிக் களத்தில் கூடு கட்டும் பறவைகள்

கேள்வி: அமெரிக்காவில் அருகிவரும் சில பறவைகள் இராணுவப் பயிற்சி நிலங்களில் நல்ல எண்ணிக்கையில் வாழ்கின்றன என்று படித்தேன். பீரங்கி முழங்கும் இடத்தில் பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன? ஆள் நடமாட்டம் இல்லாததுதான் காரணமா?

பதில்: அது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அதுவன்று. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வசமுள்ள 2.5 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், வீட்டுமனையாகவோ விளைநிலமாகவோ பெரும்பாலும் மாறவில்லை என்பது உண்மையே. எனினும் வேலியிட்டுப் பூட்டிவைப்பதால் மட்டும் பறவைகள் பெருகிவிடுவதில்லை.

தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கொரு முறை தரையோடு தரையாகப் பரவும் தீயே அவற்றைத் திறந்த காடாக வைத்திருந்தது. மற்ற இடங்களில் தீயை அணைத்து அணைத்துப் புதர் மண்டவிட்ட காலத்திலும், வெடிகுண்டுகள் விழுந்த பயிற்சிக் களங்களில் தீ பற்றிக்கொண்டே இருந்ததால் அங்கே காட்டின் பழைய தோற்றம் நிலைத்தது. இப்போது அந்தத் தீயைத் திட்டமிட்டே மூட்டுகிறார்கள்.

இதனால் பிழைத்தது ‘ரெட் காகேடட்’ மரங்கொத்தி. இது உயிருள்ள முதிய பைன் மரத்தில்தான் பொந்து குடையும். ஒரு பொந்தை முடிக்கச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். பொந்தைச் சுற்றிலும் சிறுசிறு துளைகளிட்டுப் பிசினை ஒழுகவிடும். மரமேறும் பாம்பு அந்தப் பசையில் சிக்கித் திரும்பிவிடும். இவ்வளவு பாடுபட்டு அமைத்த வீட்டை ஒரு புயல் சாய்த்துவிட்டால் அப்பறவை என்ன செய்யும்? அதனால்தான் மரத்தைச் செதுக்கி, உள்ளே துளையிட்ட மரப்பெட்டியைப் பொருத்தும் முறை வந்தது. இராணுவ முகாம்களிலும் இது பெரிதும் கைகொடுத்தது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமில் 1990 வாக்கில் பொந்து மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடித்து, சுற்றிலும் சுமார் 60 மீட்டருக்குப் பயிற்சியைக் கட்டுப்படுத்தியபோது படையினரிடையே கடும் அதிருப்தி எழுந்தது. முகாமுக்கு வெளியே உள்ள நிலங்களையும் சேர்த்துப் பாதுகாத்து, பறவைகள் பெருகப் பெருகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதே இருதரப்புக்கும் வழி திறந்தது. 2024-ல் இந்த மரங்கொத்தி ‘அழியும் அபாயம்’ என்ற நிலையிலிருந்து ஒரு படி மீண்டது.

கேள்வி: படைத்துறை இதைத் தானாக முன்வந்து செய்கிறதா?

பதில்: சட்டமும் கட்டாயப்படுத்துகிறது. 1960-ஆம் ஆண்டின் சைக்ஸ் சட்டம் 1997-ல் திருத்தப்பட்ட பின், இயற்கை வளமுள்ள ஒவ்வொரு முகாமும் அவ்வளத்துக்கான மேலாண்மைத் திட்டம் வகுத்தாக வேண்டும். ஆனால் களத்தில் இறங்கிச் செய்யும் வேலைதான் பறவையைக் காக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில், குயிலைப் போல மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்டு, 1980-களின் பிற்பகுதியில் கருந்தலை விரியோ என்ற சிறு பறவையின் பத்துக் கூடுகளில் ஒன்பதைக் கெடுத்துவந்தது. ஆண்டுதோறும் பொறிவைத்துப் பிடித்ததால் அது பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2018-ல் விரியோ ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீங்கியது. பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதென்று பொறிகளை எடுத்துவிட முடியாது; கௌபேர்டுகள் இன்னமும் அங்கேதான் இருக்கின்றன.