பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை வைத்தே வீட்டில் பதக்கம் செய்ய முடியுமா? எதில் செய்தால் நிற்கும்?

தாராளமாகச் செய்யலாம். தெருப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறோம், கடைப் பதக்கம் வேண்டாம், பிள்ளைகளே செய்யட்டும் என்கிறீர்கள். அப்படியானால் என் ஓட்டு காகிதக் கூழுக்குத்தான்.

இதைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது உப்பு மாவு: இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர், பிசைந்து வெட்டி ஓவனில் காய வைப்பது. வறண்ட ஊருக்கு அது சரி. நம் டெல்டாவில் மார்கழிப் பனிக்குக் கொடியில் விட்ட துணியே காலையில் ஈரமாகக் கிடக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். போகியன்று கல்லாக இருந்தது காணும் பொங்கலன்று கழுத்தில் பிசுபிசுக்கும். களிமண் நம்மிடம் தாராளம். சுவாமிமலையில் சிலைக்கான மெழுகு உருவத்தின் மேல் பூசுவதே காவிரி வண்டலைத்தான், அவ்வளவு நுணுக்கமாக அச்சு விழும். ஆனால் சுடாத மண் பதக்கம் ஒருமுறை கீழே விழுந்தால் போச்சு. ஜெயித்த பிள்ளை சும்மாவா நிற்கும், குதிக்கத்தானே செய்யும்.

காகிதக் கூழ் நமக்குப் புதிதும் அல்ல. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை அதில் செய்திருக்கிறார்கள். எங்கள் அப்பாயி பழைய நோட்டுத் தாளையும் வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டி, இடுக்கு விட்டுப்போன முறத்துக்குப் பூசுவார். அதே கூழ்தான் பதக்கத்துக்கும். ஒரு நாளிதழைப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சின்னச் சின்னதாகக் கிழிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. ராத்திரி ஊறட்டும். ஒரு கைப்பிடி வெந்தயம் தனியாக ஊறட்டும். காலையில் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். மிக்சியில் ஒரேயடியாகப் போட்டால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். பழைய ஜார் இருந்தால் அதை எடுங்கள். வெந்தய விழுதைச் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பார்கள். மணம் மட்டும் இரண்டு நாளைக்கு வீட்டைச் சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகிதப் பதக்கத்துக்கு ஒரே குறை, கனம் இருக்காது. பதக்கம் நெஞ்சில் இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்ப்பார்கள். அதற்கு உடைந்த நாட்டு ஓட்டுச் சில் ஒன்றை உள்ளே வையுங்கள். பாண்டி ஆட எடுக்கிற அளவுக்குச் சில், ஓரத்தைத் தரையில் தேய்த்து மழுக்கியது. அகலமான பாட்டில் மூடியில் எண்ணெய் தடவி, பாதி கூழை அழுத்தி, சில்லை வைத்து, மேலே மீதிக் கூழ். வாருகோல் ஈர்க்கால் மேல் ஓரத்தில் துளை போடுவதை ஈரமாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். காய்ந்த பிறகு துளைத்தால் பிளக்கும். மூடியிலிருந்து தட்டி எடுத்து முதல் நாள் நிழலில், அப்புறம் வெயிலில். பாதி காய்ந்ததும் திருப்பிப் போட்டு மேலே பலகை வையுங்கள், இல்லாவிட்டால் அப்பளமாக வளையும். மார்கழி வெயிலை நம்பிக் கடைசி நாளில் ஆரம்பிக்காதீர்கள், ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும்.

பொன் நிறத்துக்குப் பெயிண்ட் வாங்க வேண்டாம். ஸ்ப்ரே வாடை குழந்தைகளுக்கு ஆகாது. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவார்கள் இல்லையா, அதன் ஏழை வீட்டு வடிவம் போதும். சாக்பீஸ் தூளையும் பெவிகாலையும் கெட்டியாகக் குழைத்துப் பால் கவரில் நிரப்பி, நுனியை வெட்டி, மருதாணி கோன் போடுகிற மாதிரி பதக்கத்தில் கோடு போடச் சொல்லுங்கள். சாக்கு ஓட்டத்துக்குச் சாக்கு, கரண்டி ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம், உறியடிக்குப் பானை, அடியில் ஆண்டு. காய்ந்ததும் மேலே பசை தடவி, மிட்டாய் சுற்றி வரும் மெல்லிய பொன் தாளையோ ஜிகினாத் தாளையோ போர்த்திப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் கோடெல்லாம் எழும்பி நிற்கும். இந்த இடத்தில் பெரியவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பேரைப் பின்பக்கம் மார்க்கரால் எழுதலாம், போட்டி முடிந்த பிறகு.

தாள் கிழிக்கிற நேரத்துக்குக் கதை வேண்டுமென்றால் டோக்கியோவைச் சொல்லுங்கள். 2020 ஒலிம்பிக்குக்காக ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய செல்போன், கம்ப்யூட்டரிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்தில்தான் சுமார் 5,000 பதக்கங்களையும் செய்தார்கள். அதில் கிடைத்த தங்கம் 32 கிலோ. 1896இல் ஏதென்ஸில் முதலாவதாக வந்தவருக்கே வெள்ளிதான், மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இன்றைய தங்கப் பதக்கமும் உள்ளே வெள்ளி, மேலே 6 கிராம் தங்க முலாம். நம் பதக்கத்தின் உள்ளே ஓடு இருப்பதில் பிறகு யாருக்கும் வருத்தமிருக்காது.

நாடாவுக்குப் பழைய பட்டுப்புடவையின் சரிகைக் கரை மாதிரி எதுவும் வராது. தலை தாராளமாக நுழைய வேண்டும். முக்கால் மீட்டருக்குக் குறையாமல் வெட்டுங்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி பதக்கம் கொடுப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. யார் ஜெயித்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், சமாதானப் பரிசையும் தெரியும். பதிலாக, வேறு எதற்கெல்லாம் பதக்கம் தரலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். சாக்கோடு விழுந்து எழுந்து கோட்டைத் தொட்டவர், எலுமிச்சம்பழத்தைக் கட்டைவிரலால் பிடிக்காமல் நேர்மையாக நடந்தவர் என்று அவர்களே பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாது.

கயிறு இழுக்கிற போட்டிக்குப் பதக்கமே வேண்டாம். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர், அத்தனைக்கும் சில் தேய்த்து மாளாது. ஒரு பூவன் தார் வாங்கி வைத்துவிடுங்கள். ஜெயித்தவர்கள் தோற்றவர்களையும் கூப்பிட்டு அங்கேயே சீப்புச் சீப்பாகப் பிய்த்துத் தீர்த்துவிடுவார்கள்.